மலை ஈச்சையின் மரபணுவைப் படிக்க: ஓலை அறுப்பதிலிருந்து ஆண், பெண் பிரிப்பது வரை

நீலகிரியின் கீழ்ச்சரிவுகளில், புல்லும் புதரும் கலந்த இடங்களில் நிற்கிற மலை ஈச்சையை நம்மில் பலர் விளக்குமாறாகத்தான் அறிவோம். இருளர், குறும்பர் குடும்பங்கள் ஓலையை அறுத்துக் காயவைத்து மாறு கட்டி விற்கிறார்கள். அந்தச் செடி பேரீச்சையின் உறவுக்காரச் செடி. இரண்டும் பீனிக்ஸ் என்ற ஒரே பேரினம். பேரீச்சை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பழைய விடையை மாற்றிப்போட்டவை காட்டு ஈச்சைகள்தான். அதனால் நம் மலையில் இருப்பதையும் ஒழுங்காக மாதிரி எடுத்துப் படிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் கெடுவதைவிடக் காட்டில் கெடுவதுதான் அதிகம் என்பதால் அதைப் பற்றியே இங்கே நிறைய எழுதுகிறேன்.

முதலில் வரலாறு, சுருக்கமாக. பீனிக்ஸில் 14 இனங்கள். எல்லாவற்றிலும் ஆண் செடி தனி, பெண் செடி தனி. இனம் விட்டு இனம் எளிதாகக் கலக்கும். கலப்பில் பிறந்ததும் காய்க்கும். பாரசீக வளைகுடாவின் டல்மா தீவில் கிடைத்த பேரீச்சை விதைகளுக்குச் சுமார் 7,000 வயது. வளைகுடாப் பகுதியில் ஒருமுறை காட்டுச் செடியிலிருந்து பயிராகப் பழக்கப்பட்டு அங்கிருந்து எல்லா இடத்துக்கும் பரவியது என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தார்கள். 2011இல் கத்தாரிலிருந்து பேரீச்சையின் முதல் முன்வரைவு மரபணுத் தொகுப்பு வந்தது. 2017இல் ஓமன் மலைகளில் உண்மையான காட்டுப் பேரீச்சை இருப்பது உறுதியானது. 2019இல் வந்த முடிவு இன்னும் பெரியது: வட ஆப்பிரிக்கப் பேரீச்சைகளின் மரபணுவில் 5 முதல் 18 சதவீதம் வரை கிரீட் தீவுப் பக்கத்து இனமான பீனிக்ஸ் தியோஃப்ராஸ்டியிலிருந்து வந்திருக்கிறது. பழக்கப்பட்ட மரம் போன இடத்தில் அங்கிருந்த காட்டு உறவோடு கலந்திருக்கிறது.

நமக்கு நெருக்கமான செய்தி 2021இல் வந்தது. எகிப்தின் சக்காரா கோயில் வளாகத்தில் கிடைத்த, சுமார் 2,100 ஆண்டு பழைய பேரீச்சை ஓலையின் மரபணுவைப் படித்தார்கள். அதில் தியோஃப்ராஸ்டியின் சாயலோடு பீனிக்ஸ் சில்வெஸ்ட்ரிஸின் சாயலும் இருந்தது. சில்வெஸ்ட்ரிஸ் என்பது நம் சமவெளி ஓடைக்கரைகளில் உயர்ந்து நிற்கும் ஈச்சமரம், வங்காளத்தில் சாறு இறக்கி வெல்லம் காய்ச்சுகிற அதே மரம். இதை வைத்து நம் ஊர் மரம் கப்பலேறி எகிப்துக்குப் போனது என்று யாரும் எழுதிவிடக் கூடாது. இரண்டு இனங்களும் அக்கம்பக்கமாக இருந்த வேறோர் இடத்தில், வேறொரு காலத்தில் கலந்திருக்கலாம். அதைப் பிரித்தறிய இந்தியாவின் காட்டு மாதிரிகள் நிறைய வேண்டும்.

இனி களவேலை. ஈச்சையா என்று உறுதி செய்ய ஓலையின் ஒரு சிற்றிலையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மேல்பக்கம் திறந்த V வடிவில் மடிந்திருக்கும். தென்னையிலும் பாக்கிலும் அது கவிழ்ந்திருக்கும். மட்டையின் அடிப்பகுதியில் சிற்றிலைகளே முள்ளாக மாறியிருக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். இனம் பிரிப்பது அடுத்த வேலை. ஒற்றைத் தண்டாகப் பத்து மீட்டருக்கு மேல் போகக்கூடியது சில்வெஸ்ட்ரிஸ். சமவெளியிலும் வறண்ட அடிவாரத்திலும் குட்டையாக, அறுந்த மட்டைகளின் அடிக்கட்டை தண்டை மூடியபடி நிற்பது புசில்லா. சரிவில் ஏறிய பின், புல்வெளித் தீயில் கருகியும் மீண்டும் துளிர்ப்பது லௌரேரி, அதாவது நம் மலை ஈச்சை. அடிவாரத்தில் இவை ஒன்றையொன்று நெருங்கும் இடங்களில் உயரத்தை மட்டும் பார்த்துப் பெயர் எழுதாதீர்கள். ஆய்வின் விடை அந்த இடங்களில்தான் இருக்கக்கூடும்.

ஒரு தூறு, ஒரு மாதிரி. மலை ஈச்சை பக்கக்கன்று விட்டுத் தூறு கட்டும். ஒரே தூறின் நான்கு தண்டிலிருந்து எடுத்தால் நான்கும் ஒரே மரபணு. அதை நான்கு செடியாகக் கணக்கிட்டால் மரபணுப் பன்மை குறைந்ததாகப் பொய்க் கணக்கு வரும். தூறுக்குத் தூறு 20 மீட்டராவது இடைவெளி விட்டு, ஒவ்வொன்றுக்கும் ஜிபிஎஸ் புள்ளி, உயரம், ஆணா பெண்ணா, பூவா காயா என்று அங்கேயே எழுதிவிடுங்கள்.

குருத்தோலையில் நாரும் பிசினும் குறைவு, டிஎன்ஏ நன்றாக வரும். ஆனால் ஒற்றைத் தண்டுச் செடியில் குருத்தைப் பிடுங்கினால் செடி போய்விடும். மாறுக்கு ஓலை அறுப்பவர்கள் குருத்தை விட்டுவிட்டுத்தான் அறுப்பார்கள். ஆய்வாளரும் அப்படியே செய்யட்டும். கடைசியாக விரிந்த ஓலையில் இரண்டு சிற்றிலை போதும். நம் மலையில் ஓலை மேல் பாசியும் லைக்கனும் படிந்திருக்கும். துடைக்காமல் எடுத்தால் அவற்றின் டிஎன்ஏவும் சேர்ந்து வரும். 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் இரண்டு பக்கமும் துடைத்து, ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, தேயிலைப் பை போன்ற மெல்லிய காகிதத்தில் பொதிந்து, ஓலை எடைக்குப் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லோடு ஜிப் பையில் போடுங்கள்.

மூடுபனிக் காலத்தில் தவறுவது இங்கேதான். ஜெல் காற்றின் ஈரத்தைக் குடித்து நிரம்பிவிடும், ஓலை உள்ளே மெதுவாகப் புழுங்கும். ஈச்சை ஓலையின் மெழுகுத்தோல் தடிமன் என்பதால் காய்வதும் தாமதம். 24 மணி நேரத்தில் ஜெல்லை மாற்றுங்கள், நிறம் மாறும் மணிகள் சில கலந்து வையுங்கள். துண்டை மடக்கினால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் காயவில்லை. பழுப்பேறிய துண்டை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பயனில்லை.

டிஎன்ஏ எடுக்க, சிடாப் (CTAB) என்ற சோப்பு போன்ற வேதிப்பொருளால் செல்லை உடைக்கும் முறை போதும். காய்ந்த ஓலை 20 மில்லிகிராம் எடுத்து, எஃகு மணியோடு அல்லது திரவ நைட்ரஜனில் மாவாக்குங்கள்; நார் மிஞ்சினால் விளைச்சல் குறையும். கரைசலில் சிடாப் 2 சதவீதம், உப்பு 1.4 மோலார், ஈடிடிஏ 20 மில்லிமோலார், டிரிஸ் 100 மில்லிமோலார் பிஎச் 8, அதோடு பீனால்களைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி (PVP) 2 சதவீதம். மெர்காப்டோஎத்தனாலைச் சேர்ப்பது கடைசி நிமிடத்தில். 65 டிகிரியில் 45 நிமிடம் வைத்து, இடையிடையே கவிழ்த்து ஆட்டுங்கள். பிறகு குளோரோஃபார்ம், ஐசோஅமைல் ஆல்கஹால் 24:1 கலவை, ஐசோப்ரோப்பனால், 70 சதவீத எத்தனால் கழுவல். கரைசல் பழுப்பாக வந்தால் பீனால்கள் ஆக்சிஜனேறிவிட்டன. பிவிபியைக் கூட்டி, மாவானதும் தாமதிக்காமல் கரைசலில் போடுங்கள். பிசுபிசுவென்று கஞ்சி போலத் திரண்டால் மாவுச்சத்தும் பிசினும் கூடவே வந்திருக்கின்றன; உப்பைக் கூட்டி மறுபடி வீழ்படிவாக்குங்கள். டிஎன்ஏவின் தூய்மையை ஒளி உறிஞ்சும் விகிதத்தால் அளப்பார்கள். புரதக் கலப்பைக் காட்டும் 260/280 விகிதம் 1.8 அருகே இருந்தாலும், பிசின், பீனால் போன்ற கசடைக் காட்டும் 260/230 குறைவாக இருந்தால் பிசிஆர், அதாவது டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல மடங்காகப் பெருக்கும் வேலை, அடம்பிடிக்கும். முதல் எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள்.

ஆண், பெண் பிரிப்பதுதான் எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த பகுதி. 2018இல் பீனிக்ஸின் 14 இனங்களையும் சேர்த்து 15 பெண், 13 ஆண் செடிகளின் மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள். எல்லா இனத்து ஆண்களிலும் பொதுவாக இருந்த வரிசைகள் நான்கே மரபணுக்களில் கிடைத்தன. சிஒய்பி703, ஜிபிஏடி3 என்ற இரண்டும் மற்ற ஒருவித்திலைத் தாவரங்களில் ஆண் பூ உருவாகத் தேவையானவை; பெண் ஈச்சையில் அவை இல்லை. லாக் வகை மரபணு ஒன்று, ஆணில் மட்டும் உள்ள குரோமோசோம் பகுதியான ஒய் பகுதிக்கு இடம்பெயர்ந்து, பெண் உறுப்பை அடக்குகிறது என்று கருதுகிறார்கள். எல்லா இனத்திலும் இது ஒன்றாக இருப்பதால், இனங்கள் பிரிவதற்கு முன்பே ஆண், பெண் பிரிந்துவிட்டது என்று கொள்ளலாம். ஆகவே பேரீச்சைக்குச் செய்த மார்க்கரை, அதாவது ஆணை அடையாளம் காட்டும் டிஎன்ஏ வரிசையை, மலை ஈச்சையிலும் முயலலாம்.

முயலும்போது ஒரு பொறி இருக்கிறது. ஆணில் மட்டும் உள்ள மரபணுவுக்குப் பிசிஆர் செய்தால், டிஎன்ஏவைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் பட்டை வந்தால் ஆண், வராவிட்டால் பெண் என்று எழுதத் தோன்றும். பட்டை வராததற்கு டிஎன்ஏ கெட்டிருப்பதும், பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டான பிரைமர் அந்த இனத்தில் ஒட்டாததும் காரணமாகலாம். காடு முழுக்கப் பெண் ஈச்சையாக ஒரு பட்டியல் வந்தால் சந்தேகப்படுங்கள். அதே குழாயில் இரு பாலிலும் இருக்கும் இன்னொரு மரபணுவின் பட்டையும் வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் பூவைப் பார்த்து உறுதி செய்த பத்து ஆண், பத்து பெண்ணில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஆண் பூ கூர்மையாக, நெருக்கமாக, ஆறு மகரந்தக் கேசரத்தோடு இருக்கும். பெண் பூ உருண்டை. அதில் மூன்று சூலகம் இருந்தாலும் காயாவது ஒன்றுதான். காய் இல்லாத செடியெல்லாம் ஆண் அல்ல. அது இளசாக இருக்கலாம், மகரந்தம் சேராமல் போயிருக்கலாம்.

கலப்பு இருக்கிறதா என்று தேடுபவர்கள் பசுங்கணிக டிஎன்ஏவை மட்டும் நம்பக் கூடாது. அது தாய் வழியில் மட்டுமே வரும். தாய் மலை ஈச்சை, தந்தை வேறு என்றால் அது தந்தையைக் காட்டிக்கொடுக்காது. ஒய் பகுதி தந்தை வழியைச் சொல்லும், ஆனால் ஆண் செடியில்தான். இரண்டோடு, இரு பெற்றோரிடமிருந்தும் வரும் உட்கரு டிஎன்ஏவின் மார்க்கர்களும் வேண்டும். மலைநகரத் தோட்டங்களில் அழகுக்கு வைத்த வெளியூர் பீனிக்ஸ் இனங்களின் மகரந்தம் காட்டுச் செடிக்குப் போகிறதா என்பது இந்த வழியில் சோதிக்க வேண்டிய நல்ல கேள்வி.

விதையையும் விட்டுவிடாதீர்கள். பழக்கப்பட்ட பேரீச்சையின் விதை நீண்டது, காட்டுப் பேரீச்சையின் விதை சிறுத்து உருண்டது. தொல்லியலாளர் கைக்கு வரும் கரிந்த விதையை இந்த வடிவத்தை வைத்தே பிரிக்கிறார்கள். செடிக்கு 20 விதை எடுத்து, சதையைக் கொதிநீரில் ஊறவைத்து நீக்கி, காயவைத்து, முதுகுப்பக்கமும் பக்கவாட்டும் அளவுகோலோடு படம் எடுங்கள். பிஞ்சு விதை சுருங்கி வடிவத்தையே மாற்றிவிடும். பழுத்ததை மட்டும் எடுங்கள்.

காப்புக்காட்டில் நுழையவும் மாதிரி எடுக்கவும் வனத்துறை அனுமதி முன்கூட்டியே வேண்டும். உள்ளூர் ஓலை அறுப்பவர் ஒருவரைக் கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்தத் தூறு காய்க்கும், எது காய்த்ததே இல்லை என்பதை அவர்கள் சொல்வார்கள்.

ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் உலர்மாதிரி கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையின் உலர்தாவரக் காப்பகத்துக்குப் போகட்டும். முழு ஓலை அட்டையில் அடங்காது. முள் உள்ள அடிப்பகுதி, நடுப்பகுதி, நுனி என்று மூன்றாக வெட்டி, ஓலையின் மொத்த நீளத்தையும் ஒரு பக்கச் சிற்றிலைகளின் எண்ணிக்கையையும் சீட்டில் எழுதுங்கள். சிலிக்கா பையின் எண்ணே அந்தச் சீட்டிலும் இருக்க வேண்டும்.