பாணந்துறைக் குரங்கும் உவர்மலைக் கொம்பியூட்டரும்

9 பெப்ரவரி 2025, ஞாயிறு

பதினொரு மணி தாண்டிக் கரண்ட் போனது. திருகோணமலையில் எங்கள் வீதிக்கு மட்டும்தான் என்று இருந்தோம். கிண்ணியாவிலும் இல்லையாம், கொழும்பிலும் இல்லையாம். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டு நாடே இருண்டுவிட்டதாக அமைச்சர் சொல்கிறார். கோணேசர் கோயில் வழியில் குரங்குகளிடம் வாழைப்பழம் பறிகொடுத்த ஊர்க்காரருக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை.

இரவு உவர்மலையிலிருந்து மாஸ்டர் கோல் எடுத்தார். "பிள்ளை, கரண்ட் வந்திட்டுது, கொம்பியூட்டர்தான் வருகுதில்லை. கடைப் பெடியன் விண்டோஸைப் புதிசா அடிக்கோணும் எண்டுறான்."

ஒன்றும் அடிக்க வேண்டாம், நாளைக்கு வாறன் என்றேன்.

10 பெப்ரவரி, திங்கள்

"வருகுதில்லை" என்ற சொல்லை வைத்து எதையும் பிடிக்க முடியாது. எதுவரை வந்து எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். பொத்தானை அமத்தினால் விசிறி சுற்றுகிறதா? ஆம். அப்போ பவர் சப்ளை ஓரளவுக்கு உயிரோடு இருக்கிறது. திரையில் எழுத்து வருகிறதா? வருகிறது. அப்போ ரேமைக் கழற்றி அழிறப்பரால் தேய்க்கிற சடங்கு இப்போதைக்குத் தேவையில்லை. (உப்புக்காற்று ஊரில் அது பல தடவை கைகொடுக்கிற சடங்குதான். மாஸ்டரின் பெட்டிக்குப் பின்னால் ஆணியெல்லாம் துருப்பிடித்துக் கிடக்கிறது.)

கறுப்புத் திரையில் ஒரு வரி: சீமோஸ் செக்சம் எரர். மதர்போர்ட் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கிற இடத்தில் பிழை என்று அர்த்தம். கீழே, எஃப்1 அமத்தச் சொல்கிறது. "அதை நேற்றும் அமத்தினனான்" என்றார் மாஸ்டர். கடைக்காரருக்கு அதைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அமத்தினால் விண்டோஸ் சின்னம் வருகிறது, வட்டம் சுற்றுகிறது, பிறகு நீலத் திரை: இன்அக்செஸிபிள் பூட் டிவைஸ், தான் இருக்கிற டிஸ்க்கையே எட்ட முடியவில்லையாம். திரும்பத் திரும்ப அதே கதை. கடைசியில் விண்டோஸ் தன்னைத்தானே திருத்தப் பார்த்து, முடியவில்லை என்று கை விரித்து, எல்லாவற்றையும் ரீசெட் பண்ணலாமா என்று கேட்கிறது. பதறிப்போய் இருக்கிறவர் அதில்தான் கை வைப்பார்.

மாஸ்டர் பல வருடமாகப் பாமினி எழுத்துருவில் தட்டிச் சேர்த்த புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்கள் முழுவதும் டெஸ்க்டொப்பில் கிடக்கின்றன. டெஸ்க்டொப் என்பது சீ டிரைவ்தான். விண்டோஸ் அடித்தால் முதலில் துடைபடுவதும் அதுதான்.

11 பெப்ரவரி, செவ்வாய், தைப்பூசம்

விண்டோஸ் இல்லாமலே கொம்பியூட்டரை இயக்குகிற லினக்ஸ் மின்ட் போட்ட பென்ட்ரைவோடு போனேன். அதிலிருந்து கிளப்பினால் ஹார்ட் டிஸ்க் தெரிகிறது, வினாத்தாள்கள் திறக்கின்றன. முதல் வேலையாக எல்லாவற்றையும் பிரதி எடுத்தேன். மாமி அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி வைக்கப் போனார்.

டிஸ்க் நன்றாக இருக்கிறது, விண்டோஸுக்கு மட்டும் அதைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. டிலீட்டை அமத்தி, விண்டோஸுக்கு முதலே ஓடுகிற பயோஸ் அமைப்புகளுக்குள் போனேன். திகதி 2012 ஜனவரி 1. சாட்டா மோட் என்ற இடத்தில் ஐ.டி.இ. என்று நிற்கிறது. டிஸ்கோடு பேசுகிற முறை அது, பழைய முறை. இந்த விண்டோஸ் போடப்பட்டபோது ஏ.எச்.சி.ஐ. என்ற புதிய முறையில் இருந்திருக்க வேண்டும். தொடக்கத்திலேயே பழக்கமில்லாத முறையில் டிஸ்க்கைக் கொடுத்தால், அது தன் வீட்டு வாசலையே அடையாளம் தெரியாமல் நிற்கும். ஏ.எச்.சி.ஐ.க்கு மாற்றி, திகதியைத் திருத்தி, சேமித்து வந்தேன். விண்டோஸ் ஒன்றும் நடவாததுபோல வந்தது.

மாஸ்டருக்குச் சந்தோசம். எனக்குப் பாதிதான். ஏன் மாறியது?

அதற்கு மின்சார சபையே பதில் தந்தது. ஞாயிற்றுக்கிழமைக் குழப்பத்தில் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோனதால் நேற்றிலிருந்து ஒன்றரை மணிநேர மின்வெட்டு, பகுதி பகுதியாக. எங்கள் முறை முடிந்து கரண்ட் வந்ததும் பார்த்தால் மறுபடி செக்சம் எரர், மறுபடி 2012, மறுபடி நீலம்.

மாஸ்டர் சுவர்ச் சுவிச்சை நிறுத்துவதே இல்லை. கொம்பியூட்டரை நிறுத்தினாலும் பவர் சப்ளை ஐந்து வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கரண்ட் இல்லாதபோது திகதியையும் அமைப்புகளையும் காக்க வேண்டிய, மதர்போர்டிலுள்ள காசு அளவுப் பற்றரி எப்போதோ செத்திருக்கும். சுவர் மின்சாரம் அந்தப் பிணத்தை மறைத்து வைத்திருந்தது. நாடே இருண்ட அன்றைக்கு அமைப்புகள் அழிந்து, பயோஸ் தொழிற்சாலையில் வைத்த நிலைக்குத் திரும்பிவிட்டது. பிழை விண்டோஸில் இல்லை. அதை எத்தனை தரம் புதிதாக அடித்தாலும் மணிக்கூடு 2012க்குத்தான் போகும். திகதி பின்னுக்குப் போனால் பிரவுசரும் இணையத்தளங்களின் சான்றிதழ்களை நம்பாது. பிறகு "இன்டர்நெட்டும் பழுது" என்று இன்னொரு ஓட்டம்.

13 பெப்ரவரி, வியாழன்

நேற்றுப் போயா விடுமுறை. இன்று மத்திய வீதியில் ஒரு கடிகாரக் கடையில் சீ.ஆர். 2032 பற்றரி வாங்கினேன். கடைக்காரர் முதலில் சீ.ஆர். 2025ஐ நீட்டினார், "எல்லாம் ஒண்டுதான் தங்கச்சி." வோல்ட் ஒன்றுதான், மூன்று. ஆனால் அது 2.5 மில்லிமீற்றர் தடிப்பு, இது 3.2. மெல்லியது பிடியில் சரியாக அழுந்தாமல் தளர்ந்து நிற்கும்.

சுவர்ச் சுவிச்சை நிறுத்திவிட்டுப் பழையதைக் கழற்றி மீற்றர் வைத்தேன். இரண்டு வோல்ட்கூட இல்லை. புதியதைப் போட்டு, ஏ.எச்.சி.ஐ., திகதி, நேரம் எல்லாம் வைத்தேன். இரவு முழுக்கச் சுவிச்சை நிறுத்தியே வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். மாஸ்டருக்கு மனமில்லை.

14 பெப்ரவரி, வெள்ளி

காலையில் கோல். திகதி சரி, நீலம் இல்லை, வினாத்தாள் அச்சடித்துக்கொண்டிருக்கிறாராம்.

ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிகிறது என்பதையும் சொல்லிவைத்தேன். இந்த மதர்போர்ட் விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாது. "அப்ப பாமினி?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை பென்ட்ரைவிலுள்ள மின்ட்டில் எழுத்துருவைப் போட்டு, ஒரு வினாத்தாளைத் திறந்து பார்ப்பதாகப் பேச்சு. படம் இருக்கிற தாளாகத் தெரிவுசெய்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். இடம் மாறுவதென்றால் படங்கள்தான் மாறும்.