பி.டி. பீரியடுக்கு ஒரு தரை

2023 ஜூன் கடைசியில் ஒரு நாள், மதியம் மூன்று மணி இருக்கும். எஸ்.எம்.சி. என்கிற பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட எங்கள் ஊர் ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்குப் போயிருந்தேன். ஆறாம் வகுப்புக்கு அப்போது பி.டி. பீரியட். பையன்கள் ஐந்தாறு பேர் ஒரு ரப்பர் பந்தை வைத்துக்கொண்டு கேட் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். பெண் பிள்ளைகள் எல்லாரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நோட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். என் மகளும் அதில் ஒருத்தி. "ஏண்டி விளையாடல?" என்று கேட்டேன். "எங்கம்மா விளையாடறது? முள்ளும் கல்லுமா கீது" என்றாள்.

குடியாத்தம் பக்கம் எங்கள் ஊர். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைக்கிறேன். 2022-ல் பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைத்தபோது என்னைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 20 பேர் கொண்ட குழுவில் 15 பேர் பெற்றோர். தலைவி ஒரு மாணவரின் அம்மாவாக இருக்க வேண்டும் என்பது விதி. அதுவரை மாதாமாதம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்ததுதான் நான் செய்த வேலை.

அன்றைக்கு ஹெச்.எம். டீச்சரிடம் கேட்டு விளையாட்டுச் சாமான் இருக்கும் பீரோவைத் திறந்து பார்த்தேன். கவர் பிரிக்காத வாலிபால் இரண்டு, காற்று இறங்கிச் சப்பையாகிக் கிடந்தது. அட்டை கழற்றாத ஸ்கிப்பிங் கயிறு, வளையம், கேரம் போர்டு, செஸ் எல்லாம் இருந்தது. ஸ்டாக் ரிஜிஸ்டரோடு ஒன்றுகூடக் குறையவில்லை. டீச்சர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. "எடுத்துக் குடுத்தா எங்க ஆடுவாங்க? யார் கூட நின்னு பாத்துக்கறது? ஒரு புள்ள விழுந்து பல்லு ஒடஞ்சா நான்தானே பதில் சொல்லணும்" என்றார். அவர் கேட்டது நியாயம்தான்.

அப்புறம்தான் எனக்குக் கணக்குப் புரிய ஆரம்பித்தது. பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தில் விளையாட்டுப் பொருளுக்கென்று ஆண்டுதோறும் பணம் உண்டு. தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய், நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 வரை. ஆனால் அது பொருளுக்கு மட்டும். ஆளைப் பற்றிக் கல்வி உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது என்றால், 6 முதல் 8 வகுப்பு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் உடற்கல்விக்குப் பகுதி நேர ஆசிரியர். எங்கள் பள்ளியில் அந்த மூன்று வகுப்பிலும் சேர்த்து 71 பேர். விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. பள்ளி ரெக்கார்டில் மைதானம் 'உண்டு' என்றுதான் எழுதியிருந்தது. அந்த முள்ளும் கல்லும்தான் அந்த மைதானம்.

அதனால் முதலில் தரை, அடுத்தது ஆள் என்று குழுவில் முடிவு செய்தோம். பொருளுக்கு இனி ஒரு ரூபாய் கூடக் கேட்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். இன்றைக்கும் என் எண்ணம் அதுதான்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் மனு கொடுத்தேன். மைக்கைக் கையில் கொடுத்ததும் எழுதி வைத்திருந்தது எல்லாம் மறந்துபோனது. சத்துவாச்சாரியில் பிறந்த சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார், 2018-ல் மறுபடியும் வாங்கினார், அவரும் நம்ம வேலூர் பையன்தானே, நம் பிள்ளைகளுக்கு ஓட ஒரு தரை இல்லையே என்று மட்டும் சொன்னேன். கை தட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் ஊராட்சிச் செயலர் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, இன்னிக்குக் குடுத்தது மனுவாதான் இருக்கும். அக்டோபர் ரெண்டாம் தேதி சபையில அடுத்த வருஷ நூறு நாள் வேலைப் பட்டியல் எடுப்போம். அதுல ஏறணும். அதுக்குள்ள இடம் யாருதுன்னு பேப்பர் கொண்டாந்துடு" என்றார். இந்த ஒரு வரியை யாரும் எங்கேயும் எழுதி ஒட்டி வைப்பதில்லை. நூறு நாள் திட்டத்தில் விளையாட்டு மைதானம் அமைப்பதும் அனுமதித்த வேலைகளில் ஒன்று என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

பேப்பர் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கும் 'அ' பதிவேட்டு நகலும் புலப்படமும், அதாவது நிலம் யாருடையது, எவ்வளவு என்று காட்டும் பதிவும் வரைபடமும். வாங்கிப் பார்த்தால் பள்ளிக்கு 1 ஏக்கர் 12 சென்ட் இருந்தது. கண்ணால் பார்த்தால் 70 சென்ட் கூடத் தேறாது. அக்டோபர் 2-ல் பட்டியலில் பெயர் ஏறிவிட்டது. ஆனால் அளந்து கல் நடாமல் வேலை தொடங்க முடியாது. ஹெச்.எம். பெயரில் அளவைக்கு விண்ணப்பம் போட்டு ஒரு அலுவலகத்துக்கு ஐந்து முறை நடந்தேன். இரண்டு முறை விண்ணப்பமே காணோம் என்றார்கள். மூன்றாவது முறையிலிருந்து, கொடுத்ததற்கு நகலில் சீல் போட்டு வாங்கிக்கொண்டேன். இதைப் படிப்பவர்களும் முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

மழை ஓய்ந்து டிசம்பரில் சர்வேயர் வந்து சங்கிலி பிடித்தார். வடக்குப் பக்கம் பள்ளி எல்லைக்குள் ஒரு வைக்கோல் போரும் ஒரு எருக்குழியும் இருந்தன. எனக்குப் பெரியப்பா முறை ஆகிற ஒருவருடையது. நாற்பது வருஷமாக அங்கேதான் எரு கொட்டுகிறார். "இன்னாம்மா, பூந்து பூந்து புள்ளைங்க ஆடறதுக்கு என் எருக்குழிதான் கெடச்சுதா?" என்று கேட்டார். நான் எதிர்த்துப் பேசவில்லை. மறுநாள் அவருடைய பேத்தியையே கூட்டிக்கொண்டு போனேன். ஏழாம் வகுப்பு படிக்கிற பெண். "தாத்தா, கோகோவுக்கு இடம் பத்தலயாம்" என்றது. தை மாதம் நிலத்துக்கு எரு அடிக்கும்போது குழியைக் காலி செய்து கொடுத்துவிட்டார். வைக்கோல் போர் மட்டும் மாசி வரை இருந்தது.

பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளி உடற்கல்வி இயக்குநர் சார் ஒரு சனிக்கிழமை டேப்பும் கயிறும் எடுத்துக்கொண்டு வந்தார். யாரும் அவரை அனுப்பவில்லை, கேட்டதும் வந்தார். பெண்கள் கபடிக்கு 12 மீட்டருக்கு 8, வாலிபாலுக்கு 18-க்கு 9, கோகோவுக்கு 27-க்கு 16 என்று அளந்து முளைக்குச்சி அடித்தார். நீளவாக்கு வடக்கு தெற்காக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாயங்கால வெயில் ஒரு பக்கத்துப் பிள்ளைகள் கண்ணில் அடிக்கும் என்றார். தண்ணீர் வாட்டம் தெருப் பக்கம் இருக்க வேண்டும் என்றும் இரண்டு முறை சொன்னார். அதை நான் நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை. அது எவ்வளவு பெரிய தப்பு என்று பின்னால் தெரிந்தது.

ஏப்ரலில் வேலை தொடங்கும் என்று காத்திருந்தோம். 2024 மார்ச் 16-ல் நாடாளுமன்றத் தேர்தலை அறிவித்தார்கள். புது வேலை எதுவும் ஆரம்பிக்க முடியாது. ஜூன் 4-ல் எண்ணிக்கை முடிகிற வரை எல்லாம் அப்படியே நின்றது. கோடை லீவு முழுவதும் போனது. அந்த இரண்டு மாதம்தான் எனக்கு ரொம்ப மனசு விட்டுப்போன காலம்.

ஜூன் கடைசியில் வேலை தொடங்கியது. தினக்கூலி அந்த வருஷம் 319 ரூபாய், அதுவும் அளவுப்படி வேலை முடித்தால்தான் முழுசாகக் கிடைக்கும். வந்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்களும் பாட்டிகளும்தான். வேலைக்கு வந்ததைப் பதிவு செய்ய, காலையில் ஒரு போட்டோ, மதியம் ஒரு போட்டோ செயலியில் ஏற்ற வேண்டும். எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது தண்ணீர் டேங்க் பக்கம் மட்டும்தான். பணித்தளப் பொறுப்பாளர் பெண் போட்டோ எடுத்துவிட்டு டேங்க் வரை ஓடிப்போய் ஏற்றிவிட்டு வரும். முள்ளை வெட்டி, கல் பொறுக்கி, மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டு, கபடித் தரைக்கு மட்டும் செம்மண்ணையும் மணலையும் சல்லடையில் சலித்துப் போட்டார்கள். சலித்துப் போட்ட மண்ணில் ஒரு பாட்டி வெறுங்காலோடு நடந்து நடந்து பார்த்தது. காலில் எதுவோ குத்தினால் குனிந்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டது. சாயங்காலம் அவிழ்த்துக் கொட்டியபோது ஒரு கைப்பிடி பரல் இருந்தது. "பொண்ணு முட்டிதான விழும்" என்றது.

நூறு நாள் திட்டத்தில் இயந்திரம் வைக்கக் கூடாது என்று விதி இருந்தது. நடுவில் இரண்டு பாறை, கடப்பாரைக்கு அசையவில்லை. மேலே கிராவல் கொட்டி ரோலர் ஓட்டவும் அதில் வழியில்லை. அதற்கு 'நமக்கு நாமே' திட்டத்தைப் பிடித்தோம். மொத்த மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். ஒன்றியப் பொறியாளர் 1,80,000-க்கு எஸ்டிமேட் போட்டார். எங்கள் பங்கு 60,000. வீட்டுக்கு 200 வீதம் வாங்கினோம், 23,000 சேர்ந்தது. பழைய மாணவர்கள் 20,000 அனுப்பினார்கள். மீதிக்கு என்ன செய்வது என்று உட்கார்ந்திருந்தபோது, மாடு விடும் திருவிழா நடத்துகிற இளைஞர்கள் வந்தார்கள். எங்கள் பக்கம் தை மாதம் வந்தால் அந்த விழாவுக்கு ஊர் ஊராக லட்சக்கணக்கில் வசூல் ஆகும். "போன வருஷ மிச்சம் 17,000 இருக்குக்கா, எடுத்துக்குங்க. நாங்களும் அந்த ஸ்கூல்ல படிச்சவங்கதான்" என்றார்கள். வரைவோலை எடுத்த நாள் எனக்குத் தூக்கமே வரவில்லை.

கம்பெனி வழியாகவும் முயற்சி செய்தோம். 2022-ல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' தளத்தில் பள்ளியின் தேவையை ஹெச்.எம். ஏற்றினார். கம்பெனிச் சட்டத்தில் சமூகப் பொறுப்பு நிதியைக் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சிக்குச் செலவு செய்ய இடம் இருக்கிறது. ஒரு கம்பெனியிலிருந்து வந்து பார்த்தார்கள். வகுப்பறைக்குப் பெயிண்ட் அடித்து, பெரிய திரை வைத்து, தங்கள் பெயரை எழுதித் தருவதாகச் சொன்னார்கள். பயிற்சியாளருக்கு இரண்டு வருஷச் சம்பளம் கொடுங்கள் என்று கேட்டோம். அதற்கப்புறம் பதில் இல்லை. சம்பளத்தில் பெயர் எழுத இடமில்லை, அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

செப்டம்பரில் கிராவல் கொட்டி ரோலர் ஓட்டி முடித்தார்கள். அக்டோபர் மழையில் பாதி மண் கரைந்து பள்ளி வராந்தாவுக்கு வந்துவிட்டது. வாட்டம் தெருப் பக்கம் இல்லாமல் கட்டடத்தின் பக்கம் இருந்திருக்கிறது. பொறியாளரிடம் எழுதிக் கொடுக்க நானும் மறந்தேன், வேலை செய்தவர்களும் பார்க்கவில்லை. ரோலர் வந்த அன்றைக்கு ஒரு வாளித் தண்ணீர் கொட்டிப் பார்த்திருந்தால் போதும். ஓரத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி, மண்ணை மறுபடி அள்ளிப் போட்டது எல்லாம் நாங்களே ஞாயிற்றுக்கிழமைகளில் கூலி இல்லாமல் செய்தது.

ஆள் கிடைத்தது வேறு வழியில். 2024 ஆகஸ்டில் குழுவை மறுபடி அமைத்தபோது 24 பேராக்கி முன்னாள் மாணவர்களையும் சேர்க்கச் சொன்னார்கள். அப்படி வந்த ஒரு பெண் கல்லூரியில் கபடி ஆடியவள். இப்போது ஷூ கம்பெனி வேனில் காலை ஏழு மணிக்குப் போய் ராத்திரி ஏழு மணிக்குத் திரும்புகிறாள். சனிக்கிழமை அரை நாளும் ஞாயிற்றுக்கிழமை காலையும் வருகிறேன் என்றாள். பெற்றோர் ஆசிரியர் கழகத்திலிருந்து மாதம் 3,000 கொடுக்கிறோம். குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்யும் பழைய மாணவர் ஒருவர் அதைத் தருகிறார், ஒரு வருஷத்துக்கு மட்டும்.

முதல் சனிக்கிழமை பெண் பிள்ளைகள் மூன்றே பேர் வந்தார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டேன். "வயசுக்கு வந்த பொண்ணு, சுடிதார் ஏறிக்கும், எப்படி ஆடும்?" என்றார்கள். எந்த நிதியிலும் இதற்குப் பணம் கிடையாது. கேட்டாலும் எந்தத் தலைப்பில் கேட்பது? நானே கணுக்கால் வரைக்கும் டிராக் பேன்ட் தைத்தேன். 11 பிள்ளைக்கும் ஒரே கருநீலம், இடுப்பில் எலாஸ்டிக்கோடு நாடாவும், முட்டியில் உள்பக்கம் இரண்டாவது துணி வைத்து டபுள் தையல். கபடியில் முட்டிதான் முதலில் தேயும். துணியும் ஓவர்லாக் கூலியும் சேர்த்து ஒன்றுக்கு 190 ஆனது. அடுத்த வாரம் 11 பேரும் வந்தார்கள்.

2025-ல் குறுவட்டப் போட்டிக்கு 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் முதல்முறையாக ஒரு பெண்கள் அணி எங்கள் பள்ளியிலிருந்து போனது. முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள், 14-க்கு 31. என் மகள் இரண்டு ரெய்டு போய் இரண்டிலும் பிடிபட்டாள். வரும்போது பஸ்ஸில் அழவில்லை, "போனஸ் கோட்டைத் தொடவே இல்லம்மா, கால் எட்டல" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அவளுக்கு இது எட்டாம் வகுப்பு, ஏப்ரலோடு அந்தப் பள்ளியை விட்டு வந்துவிடுவாள். பயிற்சியாளர் பெண்ணுக்கு வரும் பணமும் அப்போதே முடிகிறது. அவள் வந்த ஒவ்வொரு சனி, ஞாயிறும் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, ஹெச்.எம். கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். ஜனவரி 26 கிராம சபைக்கு அந்த நோட்டின் நகலோடு மனு தயார். இந்த முறை சீல் போட்டு வாங்க இரண்டு நகல் எடுத்துப் போகிறேன்.