ஒரு நாளா, இரண்டு நாளா?

வெள்ளவத்தை வீட்டில் மூன்று நாளாக இதே வழக்குதான். டிசம்பர் விடுமுறைக்கு ஹொங்கொங் போகிறோம். டிஸ்னிலாண்டுக்கு எத்தனை நாள்? மகள் மூன்று விரலைக் காட்டுகிறாள். இவர் ஒன்றிலேயே நிற்கிறார்: "ஒரே ஒரு பார்க், அதுக்கு ஏன் இரண்டாம் நாள்?"

அதுவும் சரிதான். டோக்கியோ என்றால் 1983இல் திறந்தது ஒன்று, 2001இல் வந்த டிஸ்னிசீ இன்னொன்று. இரண்டு நாள் தானாகவே போய்விடும். ஹொங்கொங்கில் 2005இல் திறந்த ஒன்றுதான். ஆனால் 2023இல் ஃப்ரோசன் என்ற டிஸ்னி படத்துக்கான பகுதியைச் சேர்த்துவிட்டார்கள். இரவில் கோட்டைக்கு முன்னால் வாணவேடிக்கை வேறு. காலையிலிருந்து வரிசையில் நின்ற ஆறு வயதுக் கால்கள் அதுவரை தாங்குமா? தாங்காவிட்டால் தூக்கப்போவது யார் என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் மாமிதான் தீர்த்துவைத்தார், பிளேன்டீயை ஆற்றிக்கொண்டே. "இரண்டு நாள் போங்கோ. ஒண்டு பிள்ளைக்கு, மற்றது மழைக்கு." டிசம்பரில் அங்கே மழை குறைவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டிஸ்னிலாண்டுக்குப் போக சன்னி பே நிலையத்தில் மாறி ஏறும் ரயிலுக்கு மிக்கி வடிவ ஜன்னல்கள். இரண்டு நாள் என்றால் போக வர நான்கு தரம் என்று மகள் இப்போதே எண்ணிவிட்டாள்.