ஹைலக்ஸ் மீட்டர் பிரேம்: கழற்றி, பலப்படுத்தி, மாட்டிய அனுபவம்

எங்கள் டபிள் கப் 1994ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ், மாடல் எல்.என். 106. 2.8 லீற்றர் டீசல் என்ஜின், முன்னுக்கும் பின்னுக்கும் லீப் ஸ்பிரிங். திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்து வயலில் இருந்து நெல் மூட்டை ஏற்றி வரும், நிலாவெளிக் கரை மணலில் படகு டிரெயிலரை இழுக்கும். என்ஜினிலும் கியர் பெட்டியிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே வேகம் காட்டும் மீட்டரைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் சட்டம்தான் உடைந்துவிட்டது. கராஜில் இதை மீட்டர் பிரேம் என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். ஸ்டியரிங்குக்கு நேர் கீழே வரும் மெல்லிய பட்டை இரண்டாகப் பிரிந்திருந்தது. திருகு பிடிக்கும் காதுகளில் ஒன்று காணாமலே போய்விட்டது. கிறவல் ரோட்டில் ஏறினால் போதும், ஊர் போய்ச் சேரும்வரை கடகட என்ற சத்தம்.

இதை மாற்றுவது ஒரு காலை நேரத்து வேலைதான் என்று கராஜில் சொல்வார்கள். கழற்றி மாட்டுவது மட்டும் என்றால் அது உண்மை. ஆனால் 30 வருசம் வெயிலில் இருந்த பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டு, இன்னொரு 30 வருசத்துப் பிளாஸ்டிக்கை அப்படியே மாட்டினால், அதுவும் அதே இடத்தில்தான் வெடிக்கும். மாட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைதான் பெரியது. இந்தக் குறிப்பில் பாதி அதைப் பற்றியது.

முதலில் கழற்றியது.

பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்கினேன். ஹசார்ட் விளக்கு சுவிட்சுக்கு சாவி போடாமலே கரண்ட் வரும், கழற்றும்போது வயர் எங்காவது தொட்டால் பியூஸ் போய்விடும். இந்த வாகனத்தில் எயார் பேக் இல்லை. எயார் பேக் உள்ள பிந்திய ஹைலக்ஸ் வைத்திருப்பவர்கள் பற்றரியைக் கழற்றி 90 விநாடியாவது பொறுத்த பிறகுதான் ஸ்டியரிங் பக்கம் கை வைக்க வேண்டும் என்று டொயோட்டாவின் திருத்தக் கையேடுகளே சொல்கின்றன.

அடுத்து திருகுகள். யப்பான் வாகனங்களில் வரும் சிலுவைத் தலைத் திருகு, நாம் ஹாட்வெயாரில் வாங்கும் சாதாரண பிலிப்ஸ் ஸ்குரூ டிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் யப்பான் தரமான ஜேஐஎஸ் பள்ளத்தின் கோணம் வேறு. பிலிப்ஸ் முனை அதில் அடிவரை இறங்காது, பலம் கொடுத்தால் மேலே ஏறி வழுக்கும். வழுக்கிய முனை நேரே போய்க் குத்துவது பிரேமில்தான். இப்படி ஓட்டை விழுந்த பிரேம்களை நிறையவே பார்த்திருக்கிறேன். திருகின் தலையில் சின்னதாக ஒரு புள்ளி இருந்தால் அது ஜேஐஎஸ் என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த முனை உள்ள ஸ்குரூ டிரைவர் ஒன்றை வாங்கி வையுங்கள். யப்பான் வாகனம் வைத்திருப்பவருக்கு அது வாழ்நாள் முழுக்க உதவும்.

திருகுகள் மீட்டருக்கு மேலே வரும் குடைபோன்ற விளிம்பின் அடியில் மறைந்திருக்கும். டோர்ச் அடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். எல்லாத் திருகும் வந்துவிட்டது என்று உறுதியான பிறகுதான் பிரேமை அசைக்க வேண்டும். அசையவில்லை என்றால் இன்னொரு திருகு எங்கோ இருக்கிறது. இழுக்காதீர்கள், தேடுங்கள்.

திருகுக்குப் பிறகு கிளிப்புகள். பிரேமின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் நாக்குகளில் இரும்பு ஸ்பிரிங் கிளிப் மாட்டியிருக்கும். திருகோணமலை உப்புக் காற்றில் அந்தக் கிளிப் துருப்பிடித்து, இருக்கிற ஓட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. இழுத்தால் கிளிப் வராது, நாக்குத்தான் முறியும். நான் கிளிப் இருக்கும் இடங்களில் சிலிக்கோன் ஸ்பிரே கொஞ்சம் விட்டு, தேநீர் குடித்து வரும்வரை விட்டுவைத்தேன். பிறகு பழைய டூத் பிரஷ் கைபிடியை ஆப்பு மாதிரி சீவி, டாஷ்போர்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒவ்வொரு கிளிப்பின் பக்கத்திலும் அந்த ஆப்பைக் கொடுத்து நெம்பினேன். இரும்பு ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் பலம் முழுக்க ஒரே புள்ளியில் விழும். கிளிப்பில் இருந்து தள்ளி நெம்பினால் பிரேம் வளையும், கிளிப்போ அசையாது.

நேரமும் முக்கியம். குளிர்ந்த பிளாஸ்டிக் வளையாமல் உடையும், இளஞ்சூட்டில் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். மார்கழி வாடைக் காலத்து விடியற்காலையில் இந்த வேலை வேண்டாம். காலை பத்து மணி போல வாகனத்தின் உட்புறம் கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும்போது செய்தேன். பக்கத்தில் மச்சானை நிறுத்தி, பிரேமின் மறு அந்தத்தைத் தாங்கச் சொன்னேன். பின்னால் சுவிட்சுகளின் வயர் சொக்கட் இருக்கிறது. ஒரு கையால் பிரேமைப் பிடித்து மறு கையால் சொக்கட்டைக் கழற்றப் பார்த்தால் பிரேமின் பாரம் முழுக்க அந்த மெல்லிய பட்டையில் தொங்கும்.

இனி, மாற்றுச் சாமான்.

புதிதாக எனக்குக் கிடைக்கவில்லை. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் படிப்படியாகத் திறந்தார்கள். அந்த ஐந்து வருசமும் நாட்டில் எல்லோரும் இருக்கிற பழைய வாகனத்தைத்தான் திருத்தித் திருத்தி ஓட்டினோம். பழைய சாமான் கடைகளில் நல்லது தங்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். வெளிநாட்டில் இருந்து எடுப்பிக்கலாம் என்று தேடினால் அமெரிக்காவில் விற்பதெல்லாம் இடப்பக்க ஸ்டியரிங் வாகனத்துக்குச் செய்தது. கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறியிருக்கும், எங்களுக்குப் பொருந்தாது.

கடைசியில் கொழும்பு பஞ்சிகாவத்தையில்தான் ஒன்று அகப்பட்டது, உடைத்த வாகனத்தில் இருந்து கழற்றியது. போனில் பேசும்போது முன்பக்கப் படம் அனுப்பினார்கள். பின்பக்கப் படத்தைத்தான் நான் கேட்டு வாங்கினேன். முன்பக்கம் துடைத்தால் எல்லாமே பளபளக்கும். பின்னால் காதுகளின் அடியில் தலைமுடி அளவு வெடிப்பு இருக்கிறதா, நாக்குகள் எல்லாம் இருக்கின்றனவா, முன்பு யாராவது சுப்பர் குளூ போட்டிருக்கிறார்களா என்பதுதான் விலையைத் தீர்மானிக்க வேண்டும். சுப்பர் குளூ போட்ட இடம் வெள்ளை பூத்திருக்கும். அது காய்ந்தால் வளையாது, அதிர்வில் திரும்ப விட்டுவிடும். என் பிரேமில் அது இல்லை. தட்டையான காட்போர்ட் ஒன்றின் மேல் வைத்துக் கட்டி, இரவு பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னேன். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் எல்லாம் தாண்டி விடிய பஸ் நிலையத்தில் முழுசாக வந்து இறங்கியது. நிறம் கொஞ்சம் மாறுபாடு: என்னுடையது கடும் சாம்பல், வந்தது நீலம் கலந்த சாம்பல். எனக்கு அது பிரச்சினையில்லை.

பிளாஸ்டிக் எந்த வகை என்று தெரியாமல் எதையும் ஒட்டக்கூடாது. பின்னால் அச்சிட்ட எழுத்து இருந்தால் சுலபம். இல்லாவிட்டால் உடைந்த பழைய துண்டு ஒன்றைக் கிணற்றுத் தண்ணீர் வாளியில் போடுங்கள். பொலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் தண்ணீரைவிடப் பாரம் குறைந்தது, மிதக்கும். ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் தாழும். பிறகு அசிட்டோன் என்ற கரைப்பான் திரவம் ஒரு சொட்டு மறைவான இடத்தில் வைத்தால் ஏபிஎஸ் பிசுபிசுக்கும், பொலிபுரோப்பிலீனுக்கு ஒன்றும் ஆகாது. என்னுடையது தாழ்ந்தது, பிசுபிசுத்தது.

ஏபிஎஸ் என்றால் நல்ல செய்தி. அசிட்டோன் அதைக் கரைக்கும், அசிட்டோன் பறந்ததும் அது திரும்பவும் ஏபிஎஸ்ஸாகவே இறுகும். வெளியில் இருந்து பசை எதுவும் வேண்டாம், பழைய பிரேமின் துண்டுகளே புதியதைப் பலப்படுத்தும் பொருளாகிவிடும். உடைந்ததை எறிந்துவிடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான்.

அசிட்டோன் எங்கே வாங்குவது? நமக்கு அது சிரமமே இல்லை. பைபர் படகு திருத்துகிற இடங்களில் பிரஷ் கழுவ அதைத்தான் வைத்திருக்கிறார்கள். கிண்ணியாப் பாலம் தாண்டிப் போய், படகு திருத்தும் நானா ஒருவரிடம் கேட்டேன். பிரேமைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இதுக்கு ரெசின் பூசிராதீங்க. இவ்வளவு மெல்லிசு, இளகி வளைஞ்சு போயிரும்” என்றார். அவர் சொன்னது சரி. படகுக்குப் போடும் பொலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் என்ற திரவம் இருக்கிறது, அது ஏபிஎஸ்ஸைத் தின்னும். அசிட்டோனும், நெய்த பைபர் துணியில் கையகலத் துண்டும் தந்தார். காசு வாங்கவே மாட்டேன் என்று நின்றார்.

பழைய பிரேமைக் கத்தியால் சீவி, கண்ணாடிப் போத்தலில் போட்டு, அசிட்டோன் விட்டு மூடி ஒரு இரவு வைத்தேன். காலையில் கலக்கினால் சீனிப்பாகு பதத்தில் இருந்தது. இதை வீட்டுக்கு வெளியே, அடுப்புக்கும் சிகரெட்டுக்கும் தூரமாகச் செய்ய வேண்டும். அசிட்டோன் 56 பாகை செல்சியசிலேயே கொதிக்கும், அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும்.

வந்த பிரேமைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தேன். பெற்றோல், தின்னர் எதுவும் ஏபிஎஸ்ஸில் படக்கூடாது. பட்டால் ஏற்கெனவே இழுபட்டு நிற்கும் இடங்களில் வெடிப்பு கிளம்பும். பின்பக்கத்தில் மெல்லிய பட்டை முழுக்கவும், ஒவ்வொரு காதின் அடியிலும், நாக்குகள் தொடங்கும் மூலையிலும் சாண்ட் பேப்பரால் உரசி, போத்தலில் இருந்த ஏபிஎஸ் பாகை மெல்லிசாகப் பூசி, அளவாக வெட்டிய பைபர் துணியை அதில் பதித்து, மேலே இன்னொரு பூச்சு. பூச்சுக்குப் பூச்சு ஒரு இரவு இடைவெளி. ஒரேயடியாகத் தடிப்பாகப் பூசினால் உள்ளே அசிட்டோன் அடைபட்டு, மெல்லிய இடம் நெளிந்துபோகும். காயும்வரை பிரேமைத் தட்டையான பலகையில், வளைவுகளுக்குக் கீழே துணி மடித்து வைத்துத் தாங்கியிருந்தேன். முன்பக்கத்தில் ஒரு பொட்டும் படவில்லை.

பலப்படுத்தியது பாதி. மற்றப் பாதி, அதை இறுக்காமல் மாட்டுவது.

இந்தப் பிரேம்கள் ஏன் எப்போதும் காதில் வெடிக்கின்றன என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். ஏபிஎஸ்ஸுக்குள் ரப்பர் துணிக்கைகள் இருக்கின்றன, அதன் உறுதியே அவைதான். வெயிலும் சூடும் வருசக்கணக்காகப் பட அந்த ரப்பர் காற்றோடு சேர்ந்து கெட்டு, பிளாஸ்டிக் மொறுமொறுத்துப் போகிறது. அந்தக் காலத்து வாகனம் எதற்கும் இதே கதிதான். அதற்கு மேல் தினமும் நடக்கும் இழுபறி ஒன்று இருக்கிறது. உப்புவெளியில் எங்கள் வாகனம் கிழக்கே கடலைப் பார்த்து நிற்கும், காலை வெயில் முழுக்க முன் கண்ணாடியில். வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில், பூட்டிய வாகனத்தின் டாஷ்போர்டு 60 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும். 40 சென்டிமீட்டர் நீளமான ஏபிஎஸ் துண்டு 40 பாகை சூடு கூடினால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதே நீள இரும்பு அதில் ஆறில் ஒரு பங்குகூட நீளாது. பிரேமின் இரு அந்தமும் திருகால் இறுக்கப்பட்டிருந்தால் அந்த ஒரு மில்லிமீட்டர் எங்கே போகும்? காதைத்தான் இழுக்கும். பகலில் ஒரு பக்கம், இரவில் மறு பக்கம்.

அதனால் நடுவில் உள்ள திருகு ஓட்டையை மட்டும் அப்படியே விட்டேன். மற்ற ஓட்டைகளை வட்ட அரத்தால் நீளவாட்டில் கொஞ்சம் நீட்டினேன், பிரேம் இரு பக்கமும் நகர இடம் கிடைக்கும் அளவுக்கு. ஒவ்வொரு திருகின் தலைக்கு அடியிலும் பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் வாஷர். துருப்பிடித்த கிளிப்புகளை எறிந்துவிட்டுப் புதியவை போட்டேன், அவை எந்தச் சாமான் கடையிலும் இருக்கும். பிரேம் டாஷ்போர்டில் உரசும் ஓரங்களில் கம்பளிபோன்ற மெல்லிய பெல்ட் (felt) துணி ஒட்டினேன். கடகட சத்தம் நின்றதற்குப் பாதிக் காரணம் இந்தத் துணிதான் என்று நினைக்கிறேன்.

திறந்த கையோடு மீட்டரையும் வெளியே எடுத்து, எரியாமல் கிடந்த பல்புகளை மாற்றினேன். பின்னால் ஸ்பீடோ கேபிள் இருக்கிறது, அதன் கொக்கியை அழுத்தி விடுவித்த பிறகுதான் மீட்டரை இழுக்க வேண்டும். மீட்டர் கண்ணாடியை ஈரமான மெல்லிய துணியால் மட்டும் துடைத்தேன்.

மாட்டும்போது சொக்கட்டுகளை முதலில் கொடுத்து, சுவிட்சு ஒவ்வொன்றும் வேலை செய்கிறதா என்று பற்றரியின் நெகட்டிவ் முனையை மாட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கழற்றினேன். பிறகு கிளிப்புகளை அதனதன் ஓட்டைக்கு நேரே நிறுத்தி, உள்ளங்கையால் அழுத்தினேன். எல்லாத் திருகையும் கையால் பிடிக்க விட்ட பிறகு, நடுவில் இருந்து தொடங்கி, ரப்பர் வாஷர் இலேசாக அமுங்கும்வரை மட்டும் முறுக்கினேன்.

இப்போது கச்சான் காலம் ஒன்று முழுக்கப் போய்விட்டது. மூதூர்ப் பக்கம் உடைந்த ரோட்டிலும், வயல் வரம்போரக் கிறவலிலும் ஓடியிருக்கிறது. போன கிழமை திருகுகளைத் திறந்து பின்பக்கம் பார்த்தேன்: காதுகளில் வெடிப்பு இல்லை, பைபர் துணி எங்கும் கிளம்பவில்லை. ஒரு நாக்கின் மூலையில் மட்டும் பூச்சு சுருங்கி மெல்லிய கோடு விழுந்திருந்தது, அதில் இன்னொரு பூச்சுப் போட்டேன். போத்தலில் பாகு இன்னும் மீதி இருக்கிறது. அடுத்தது குளோவ் பெட்டி மூடியின் கீல், அதுவும் இதே பிளாஸ்டிக்தான்.