ஸ்டேஜ் 2 போலோவை ஒருவழியாக விற்று முடித்தேன்

வண்டி 2015 ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ, ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். கம்பெனியிலிருந்து வரும்போது 105 பிஎஸ் பவர், 175 நியூட்டன் மீட்டர் டார்க். என் கையில் வந்தபிறகு ஸ்டேஜ் 2 ரீமேப் (இன்ஜின் சாஃப்ட்வேரை மாற்றிப் பவர் கூட்டுவது), கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) இல்லாத டவுன்பைப், பெரிய இன்டர்கூலர், காயில்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன்), முழு எக்ஸாஸ்ட் என்று ஆளே மாறிவிட்டது. செட்டிபாளையத்தில் ரேஸ் டிராக்கே இருக்கிற கோவையில் இதை வாங்க ஆளா இல்லை என்றார்கள். பார்க்க வருகிற ஆளுக்குப் பஞ்சமே இல்லை. பணத்தோடு வருகிற ஆளுக்குத்தான்.

விளம்பரம் போட்டதும் முதல் அழைப்பு ஒரு “ராணுவ அதிகாரி”. ஜம்முவில் போஸ்டிங்காம், வண்டியைப் பார்க்கவே வேண்டாமாம், சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறாராம். அட்வான்ஸுக்கு ஒரு க்யூஆர் கோடு அனுப்புவாராம், நான் ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட வேண்டுமாம். யூபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் தேவையே இல்லை. பின் கேட்டால் காசு நம்மிடமிருந்து போகிறது என்று அர்த்தம். பிளாக்.

அடுத்து வந்தது பையன்கள் கூட்டம். “ப்ரோ, ஒரே ஒரு புல் அடிச்சுப் பாத்துக்கட்டுமா?” புல் என்றால் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து ஒரு இழுப்பு. ஒருத்தன் ஓட்ட, இன்னொருத்தன் பின்சீட்டிலிருந்து ஸ்பீடோமீட்டரை வீடியோ எடுக்க, மூன்றாமவன் வெளியே நின்று எக்ஸாஸ்ட் சத்தத்தை ரெக்கார்ட் பண்ண. இந்த வண்டியில் இருக்கிற டிகியூ200 கியர்பாக்ஸ் டிரை கிளட்ச் வகை, 250 நியூட்டன் மீட்டர் டார்க் வரைக்கும்தான் அது தாங்கும் என்பது கணக்கு. ரீமேப் செய்த வண்டி அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறது. கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் போனால் செலவு லட்சத்தைத் தாண்டும். அதற்குப்பிறகு ஒரு சட்டம் போட்டேன்: லைசென்ஸ் காப்பியும் டோக்கன் அட்வான்ஸும் வந்தால்தான் சாவி, இல்லாவிட்டால் நான் ஓட்டுகிறேன், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். கூட்டம் அன்றோடு கலைந்தது.

உருப்படியாகப் பேசியவர் ஒரு பாலக்காட்டுக்காரர். விலை படிந்துவிட்டது. கடைசியில் அவர் கேட்ட கேள்வி: “இதுல எதெல்லாம் ஆர்.சி.ல ஏத்தியிருக்கு?” எதுவும் இல்லை, யார் ஏற்றுகிறார்கள்? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறுகிற மாதிரி வண்டியில் கைவைக்கக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்துவிட்டார்கள். 2021-ல் கண்ணூரில் யூடியூபர்கள் மாற்றி வைத்திருந்த ஒரு வேனைப் பிடித்தபோது நடந்த களேபரத்தை அவர் பக்கத்திலிருந்து பார்த்தவர். “எங்க ஊர்ல இத ஓட்ட முடியாது சேட்டா” என்று கிளம்பிவிட்டார்.

அன்றைக்கே முடிவு செய்தேன், வண்டியைப் பழையபடி ஸ்டாக் (கம்பெனியிலிருந்து வந்த நிலை) ஆக்கித்தான் விற்பது. பரணில் கிடந்த ஒரிஜினல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அப்போதுதான் கைகொடுத்தது. (அதைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். அவருக்கு அது நன்றாகவே தெரியும்.) கழற்றிய சாமான்கள் தனித்தனியாக மளமளவென்று போயின. காயில்ஓவர் வண்டியில் இருந்தவரை அதற்கென்று பத்து ரூபாய் சேர்த்துத் தர ஒருவரும் இல்லை. வண்டிக்கு வெளியே வந்ததும் போட்டி போட்டுக் கேட்டார்கள். இந்தியாவில் போலோ உற்பத்தி 2022-ல் நின்றுவிட்டதால் சுத்தமான ஸ்டாக் வண்டிக்கும் நல்ல கிராக்கி.

இனி ஆர்.டி.ஓ. ஆபீஸ். கடன் எப்போதோ அடைத்தாகிவிட்டது, ஆர்.சி.யில் மட்டும் வங்கி பெயர் இருந்தது. 2020 ஏப்ரல் 1-ல் பத்து அரசு வங்கிகளை நான்காகச் சுருக்கினார்களே, அதில் கரைந்துபோன வங்கி அது. கவுன்டரில் இருந்தவர் என் ஆர்.சி.யை ஒரு கையிலும் கடன் தீர்ந்ததற்கு வங்கி கொடுத்த என்.ஓ.சி.யை இன்னொரு கையிலும் தூக்கிப்பிடித்தார்.

“இதுல ஒரு பேங்க் பேரு, அதுல ஒரு பேங்க் பேரு. நான் எதைங்க நம்பறது?”

“ரெண்டும் இப்ப ஒண்ணுதானுங்க சார்.”

“அது உங்களுக்குத் தெரியும். சிஸ்டத்துக்குத் தெரியணுமில்ல?”

வங்கிக்குப் போனால் மேலாளர், “நாடே அறிஞ்ச விஷயத்துக்கு லெட்டரா?” என்று சிரிக்கிறார். நாள் முழுக்க வீண். பிறகு இணைப்பு பற்றிய அரசிதழ் அறிவிப்பை நானே பிரின்ட் எடுத்துப்போய், அதன்மேல் கிளை முத்திரை வாங்கினேன். பழைய பெயர், புதிய பெயர், கடன் கணக்கு எண், சேஸிஸ் எண் நான்கும் இருக்கிற மாதிரி கடிதத்தையும் வாங்கினேன். கவுன்டர்க்காரர் அதில் குறை சொல்ல எதுவும் கிடைக்காமல், ஆர்.சி.யிலிருந்து வங்கி பெயரை நீக்குவதற்கான ஃபார்ம் 35-ஐப் புரட்டினார். இரண்டாவது பிரதியில் முத்திரை இல்லை. திரும்பவும் வங்கி! இரண்டு பிரதியிலும் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா என்று வங்கி வாசலிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், என்.ஓ.சி.யில் காலாவதித் தேதி போட்டிருந்தால் அதையும்.

கடைசியில் வாங்கியவர் பீளமேட்டுக்காரர். லேப்டாப்போடு வந்தார். விசிடிஎஸ் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் மென்பொருள்) கேபிளைச் செருகி, மிஸ்ஃபயர் கணக்கு, கிளட்ச் அடாப்டேஷன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார், பேசவே இல்லை. இவரிடம் மறைப்பதில் அர்த்தமில்லை என்பதால் ரீமேப் ஓடிய வண்டி, இப்போது ஒரிஜினல் ஃபைல் ஏற்றியிருக்கிறது என்று நானே முன்கூட்டிச் சொல்லிவிட்டேன். “தெரியுதுங்க” என்றார். கொஞ்சம் குறைத்தார், கொடுத்துவிட்டேன்.

பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 கையெழுத்து, பணம் கணக்கில், எல்லாம் ஒரே காலையில் முடிந்தது. ஆனால் “பேர் மாத்திக்கிறேன்” என்ற வார்த்தையை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் தேதியும் நேரமும் போட்டு டெலிவரி நோட் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம், பெயர் மாற்ற விண்ணப்பத்தை நானே கூட இருந்து ஏற்றினேன். இன்ஷூரன்ஸ் அவர் பெயருக்கு மாறும்போது நோ கிளைம் போனஸை (கிளைம் செய்யாததற்கான பிரீமியத் தள்ளுபடி) நம்மிடமே நிறுத்திக்கொள்ளக் கடிதம் கேட்டு வாங்குங்கள், அடுத்த வண்டிக்கு மூன்று வருடம் வரை செல்லும்.

ஃபாஸ்டேக்கை மூடச் சொல்லிக் கோரிக்கை கொடுத்தும் அது உயிரோடுதான் இருந்தது. புது ஓனர் கணியூர் டோலைத் தாண்டும்போதெல்லாம் என் கணக்கில் பணம் கழிந்தது. அவரே கூப்பிட்டு, கண்ணாடியிலிருந்த டேக்கைச் சுரண்டி எடுத்துப் புதிது ஒட்டிவிட்டதாகச் சொன்னார், கழிந்த பணத்தையும் அனுப்பிவிட்டார். நேற்று ஆர்.சி. விவரம் காட்டும் ஆப்பில் பார்த்தேன், ஓனர் இடத்தில் அவர் பெயரின் எழுத்துகள் வந்துவிட்டன.