கிளென் ஹான்சர்ட்: கிட்டார் கையில் இருந்தால் மட்டும் நடிகர்

அயர்லாந்துப் பாடகர் கிளென் ஹான்சர்டைப் பெரிய நடிகர் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். பேர்சொல்லும் படங்கள் இரண்டுதான், இரண்டிலும் கையில் கிட்டார்.

1970-ல் டப்ளினில் பிறந்தவர். 13 வயதில் பள்ளியை விட்டுவிட்டு கிராஃப்டன் தெருவில் பாட வந்துவிட்டார். 1990-ல் 'தி ஃப்ரேம்ஸ்' என்ற சொந்த இசைக்குழு. அடுத்த வருடமே ஆலன் பார்க்கரின் 'தி கமிட்மென்ட்ஸ்' படத்தில் கிட்டாரிஸ்ட் வேடம். அதனால் இசையில் கவனம் சிதறியது என்று அவரே பின்னாளில் குறைபட்டார்.

'ஒன்ஸ்' (2007) வேறு கதை. இயக்குநர் ஜான் கார்னி, ஃப்ரேம்ஸில் முன்பு பேஸ் கிட்டார் வாசித்தவர். ஹான்சர்ட் பாட்டு எழுதுவதாக மட்டுமே பேச்சு. நாயகனாக இருந்த கிலியன் மர்ஃபி விலக, தயாரிப்பாளர்களும் கழன்றுகொண்டார்கள். தெருப்பாடகனான அந்த நாயகன் வேடம் ஹான்சர்டிடமே வந்தது. மிஞ்சியது சுமார் 1,30,000 யூரோ, அதில் பெரும்பகுதி அயர்லாந்து திரைப்பட வாரியத்தின் பணம். 17 நாளில் எடுத்து முடித்தார்கள். தெருக் காட்சிகளைத் தூரத்திலிருந்து நீள லென்ஸில் பிடித்ததால், போகிறவர்கள் கேமராவைக் கவனிக்கவே இல்லை. தொழில்முறை நடிகரை அங்கே நிறுத்தியிருந்தால் தெருப்பாடகனாக 'நடித்திருப்பார்'. இவருக்கு அது பழைய வேலை.

அவர் வாசிக்கும் டகமினே (ஜப்பானிய நிறுவனம்) கிட்டாரைப் பாருங்கள். பல வருடம் ஓங்கி அடித்ததில் முகப்புப் பலகை தேய்ந்து ஓட்டையே விழுந்துவிட்டது. ஆனாலும் மேடையில் ஒலி கெடுவதில்லை, ஒலியை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப் இருப்பது கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியில்.

'ஒன்ஸ்' படப் பாட்டான 'ஃபாலிங் ஸ்லோலி' ஆஸ்கருக்குப் போனபோது ஒரு சிக்கல். படத்துக்கு முன்பே அது ஆல்பத்திலும் ஒரு செக் படத்திலும் வந்திருந்தது. 'ஒன்ஸ்'-க்காக எழுதியதுதான் என்று அகாடமி ஏற்றுக்கொண்ட பிறகே போட்டியில் நின்றது. 2008-ல், படத்தின் நாயகியும் பாட்டை உடன் எழுதியவருமான மார்கெட்டா இர்க்லோவாவுடன் சேர்ந்து வென்றார்.

அந்தப் பாட்டைக் கிட்டாரில் வாசித்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு: சி, எஃப், ஏ மைனர், ஜி என்ற நான்கு கார்டுகள் போதும். பலரும் சறுக்குவது தொடக்கத்தில்தான். முதல் வரியிலேயே எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அடிக்கும் முழு ஸ்ட்ரம்மிங் போட்டுவிட்டால் கோரஸில் ஏற இடமிருக்காது. இரண்டு சரணத்தையும் விரலால் மெல்ல மீட்டுங்கள். கோரஸின் உச்சம் எட்டாத ஆண்குரல் என்றால் இரண்டாவது ஃப்ரெட்டில் (கழுத்திலுள்ள உலோகக் கட்டை) கம்பிகளை அழுத்தும் கிளிப்பான கேப்போவை மாட்டி ஜி, சி, ஈ மைனர், டி பிடியுங்கள். சுருதி மூன்று அரைப்படி இறங்கிவிடும். இரண்டாவது குரல் இல்லாமல் மட்டும் மேடையேற்றாதீர்கள், பாதிப் பாட்டு அந்த ஹார்மனியில்தான் இருக்கிறது.