இருட்டில் வளர்ந்த கண்

கண் பாடம் எடுக்கும்போது ஏதாவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: "சேர், கடும் வெளிச்சம் கண்ணுக்குக் கூடாதெண்டா, எப்பவும் மங்கல் வெளிச்சத்திலயே இருந்தா நல்லம்தானே?" நியாயமான கேள்வி. பதில்தான் நாங்கள் எதிர்பார்க்கிற பக்கம் போவதில்லை.

1966இல் அமெரிக்காவில் வேர்னர் நோயல் என்ற ஆய்வாளர் எலிகளில் ஒன்றைக் காட்டினார். சாதாரண குழல் விளக்கின் வெளிச்சமே மணிக்கணக்கில் விடாமல் பட்டால் எலியின் விழித்திரை அழிந்துபோகும். சூட்டில் வெந்து அழிவதல்ல அது. எந்த நிற வெளிச்சம் அதிகம் கெடுத்தது என்று பார்த்தால், விழித்திரையில் ஒளியைப் பிடிக்கிற புரதமான றொடொப்சின் நன்றாக உறிஞ்சுகிற பச்சைப் பக்கம், 500 நனோமீற்றர் அருகே. அதாவது எந்தப் புரதத்தால் பார்க்கிறோமோ அந்தப் புரதத்தின் வழியாகவே கேடும் உள்ளே வருகிறது.

பின்னால் வந்த ஆய்வுகள் இன்னும் ஆச்சரியமானவை. மங்கலில் வளர்த்த எலிகளையும் நல்ல வெளிச்சத்தில் வளர்த்த எலிகளையும் ஒரே கடும் வெளிச்சத்தில் விட்டால், மங்கலில் வளர்ந்தவைதான் மோசமாகக் கெட்டுப்போகின்றன. மழை குறைந்த காலத்தில் பீலிக்குக் கீழே பெரிய அண்டாவை வைக்கிறோம் அல்லவா, அப்படித்தான் வெளிச்சம் குறைந்த இடத்தில் வளரும் கண்ணும் கோல்களின் (மங்கலில் பார்க்க உதவும் விழித்திரைக் கலங்களின்) நுனியை நீளமாக்கி றொடொப்சினை நிறையச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. வெளிச்சம் கூடிய இடத்தில் அதைக் குறைத்துக்கொள்ளும். இந்தச் சரிக்கட்டல் நடக்க நாட்கள், வாரங்கள் வேண்டும். அதற்கு முன் திடீரென்று வெளிச்சம் கொட்டினால், சேர்த்து வைத்த அத்தனையும் ஒரேயடியாக வேலை செய்யத் தொடங்கிவிடும்.

வேலை என்றால் என்ன? றொடொப்சினுக்குள் விற்றமின் ஏயிலிருந்து வந்த ரெற்றினல் மடங்கிய நிலையில் இருக்கிறது. ஒளி பட்டவுடன் நிமிர்கிறது. நிமிர்ந்ததை அகற்றித் திரும்ப மடக்கிக் கொண்டுவர வேண்டும். அளவுக்கு மேல் தேங்கினால் அது நச்சு, அதுவும் எளிதில் ஒட்சியேறக்கூடிய கொழுப்பு நிறைந்த, ஒட்சிசன் ஏராளமாகச் செலவாகிற அந்த இடத்தில். திரும்ப மடக்கும் நொதியம் இல்லாத சுண்டெலிகளை வெளிச்சத்தில் வைத்தபோது விழித்திரை கெடவில்லை; மடங்கிய ரெற்றினல் இல்லாமல் ஒளியைப் பிடிக்கும் றொடொப்சினே அவற்றில் உருவாகவில்லை. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த சோதனை அதுதான்.

ஒளி பட்டு றொடொப்சின் வெளிறுவதை, அதாவது நிறமிழந்து கொஞ்ச நேரம் வேலை செய்யாமல் போவதை, மட்டக்களப்பு வாவியில் இரவில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் நன்றாக அறிவார்கள். கல்லடிப் பாலத்திலிருந்து யாராவது டோர்ச் அடித்தால் தோணியிலிருந்து சத்தம் வரும், "முகத்துக்கு அடிக்காத மனே!" என்று. கோபத்தில் நியாயம் உண்டு. நன்றாக வெளிறிய றொடொப்சின் முழுதாகத் திரும்ப அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். டோர்ச் அவ்வளவு வெளிறச் செய்யாவிட்டாலும், வலை எங்கே கிடக்கிறது என்று மறுபடி தெரியக் கொஞ்ச நேரம் போகும்.

சரி, எலி மனிதனல்ல. அது இரவு விலங்கு, ஆய்வுகளில் பெரும்பாலும் நிறமியில்லாத வெள்ளை எலி. நாங்கள் பகலில் கண்ணைச் சுருக்குகிறோம், முகத்தைத் திருப்புகிறோம். ஆகவே போன் திரையைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. அது பகல் வானத்தைவிட எவ்வளவோ மங்கல். நான் பயப்படுவது வேறு விஷயங்களுக்கு. 2019 டிசம்பர் 26 வளைய கிரகணத்தன்று எக்ஸ்ரே பிலிமைப் பிடித்துக்கொண்டு சூரியனைப் பார்த்தவர்களைக் கண்டபோது நெஞ்சு பதறியது. விழித்திரைக்கு நோவு தெரியாது, கெட்டாலும் சத்தம் போடாது. திருவிழாக் கடைகளில் சின்னப் பிள்ளைகளின் கையில் கொடுக்கிற லேசர் டோர்ச்சும் அப்படித்தான். தயவுசெய்து வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. றொடொப்சின் மரபணுவிலேயே பிழையுள்ள நாய்களில், கண்ணைப் படம் பிடிக்கிற அளவு வெளிச்சமே விழித்திரை சிதையப் போதுமாக இருந்தது. மனிதர்களிலும் இந்த மரபணுப் பிழை உண்டு. முதல் அறிகுறி பெரும்பாலும் மாலைக்கண். ஆகவே சின்ன வயதிலிருந்தே இரவில் தட்டுத்தடுமாறுகிற ஒருவர் வீட்டில் இருந்தால், விற்றமின் குறைவு என்று பப்பாசிப்பழத்தோடு விட்டுவிடாமல் கண் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போய் விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். சொந்தத்துக்குள் கலியாணம் முடித்த குடும்பமென்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.